முப்பத்தொன்றாம் எண் வாய்

என் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. இதை நற்குணம் என்று நினைக்கிறவர்கள் அவளோடு இருபத்து நாலு வருடம் குடும்பம் நடத்திப் பார்க்கட்டும். என் தையல் கடை வீட்டின் முன்னறையில்தான் இருக்கிறது. நான் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர் கண்ணாடி முன்னால் திருப்தியாக நிற்பார். இவள் காப்பி டம்ளரோடு அந்தப் பக்கம் வருவாள். "இடது தோள் ஒரு நூல் இறங்கியிருக்கே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். என் பிழைப்பில் மண்ணைப் போட வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

அவளுக்கு வேலை ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில். மனிதர்களின் வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்களை வளர்க்கும் வேலை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய காகிதக் குச்சியைச் செருகி அழுக்கை எடுப்பாள். ரத்தம் கலந்த கூழ் ஊற்றிய தட்டில் அதைத் தேய்த்து, காற்றே இல்லாத பெட்டிக்குள் பத்து நாள் வைப்பாள். பிறகு தட்டில் பொட்டுப் பொட்டாக முளைத்திருப்பதை உட்கார்ந்து பார்ப்பாள். இருபத்தாறு வருடமாக இதேதான். எங்கள் கல்யாணப் புகைப்படத்தில்கூட அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கீழ்வரிசைப் பற்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் அதைக் காதல் என்று நினைத்தார்கள். நானும்தான்.

அந்த ஆய்வகத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வெளியாகியிருக்கின்றன. எல்லாவற்றிலும் தலைப்புக்குக் கீழே டாக்டர்களின் பெயர்கள். கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில், 'ஆய்வக உதவிக்கு நன்றி' என்று இவள் பெயர். "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்பாள். அவள் சொல்லத் தெரிந்த ஒரே பொய் அதுதான். அதையும் சரியாகச் சொல்ல மாட்டாள், குரல் கம்மிவிடும்.

ஒருமுறை ஆய்வுக்கு வாய்கள் போதவில்லை. சொந்தக்காரர்களை எல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பதில் ஒரு எண். நான் முப்பது. எனக்கு அடுத்து வாயைத் திறந்தவள் என் அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. ரயில் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் அறிவிப்பாளராக இருந்தவள். மூன்று மணி நேரம் தாமதம் என்பதைக்கூட ஏதோ பரிசு கொடுப்பதுபோல் சொல்வாள். வாயால் சம்பாதித்து வாழ்ந்த அவளுக்கு அந்த வாயைப் பற்றிப் பெருமை உண்டு.

அந்த ஆட்டோ ஊர்வலம் முடிந்து பத்து நாள் கழித்து எங்கள் மகளின் பிறந்தநாள். பதினாலு பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அக்காதான் ஆரம்பித்தாள்.

"எல்லார் வாயையும் பார்த்தியே, யார் வாயிலம்மா பூச்சி ஜாஸ்தி?"

"அதைச் சொல்லக் கூடாது அண்ணி" என்றாள் என் மனைவி. விதி அப்படி.

சொல்லவில்லைதான். ஆனால் அவள் கண்கள் நேராகப் போய் அக்காவின் வாயில் நின்றன. நின்றவை திரும்பவில்லை. பதினாலு பேரும் பார்த்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் சிரித்தும் தொலைத்தான். அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு போனவள், அதன்பின் நாலு வருடம் என் மனைவியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "நான்தான் ஒண்ணுமே சொல்லலையே" என்று இவளும் இறங்கி வரவில்லை. நடுவில் நான் மத்தளம்.

அந்த நாலு வருடத்தில் முப்பத்தொன்றாம் தட்டில் இருந்த ஒரு சாம்பல் நிறப் பொட்டு, உலகத்தில் அதுவரை யாரும் பார்க்காத இனம் என்று தெரியவந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு வாய்களைத் துழாவியும் வேறு எதிலும் அது இல்லை. ஆய்வகத் தலைவியான டாக்டர் அம்மா என் மனைவியின் தோளைத் தொட்டு, "இந்தத் தடவை உங்க பேரும் மேல வரும்" என்றாராம். அன்றைக்கு அவள் என் தையலில் ஒரு குற்றமும் சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

ஆனால் புதிய இனம் என்று பெயர் வைக்க வேண்டுமானால் அதை உயிரோடு இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டுமாம். அதற்கு முன் மூன்று நாள் விடுமுறை வந்தது. அந்த மூன்று நாளைப் பார்த்து, பொட்டைச் சேமித்து வைத்திருந்த உறைபெட்டி படுத்துவிட்டது. ஆறு குப்பியில் இருந்ததும் செத்துப்போயிற்று. மறுபடி அக்காவின் வாய்க்குத்தான் போக வேண்டும். டாக்டர் அம்மா போன் செய்தார். விஷயத்தைக் கேட்காமலே அக்கா வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அக்கா எனக்குப் போன் செய்தாள். மீதி இருக்கும் பதினோரு பல்லையும் வெள்ளிக்கிழமை பிடுங்கப் போகிறார்களாம், ஈறு வீங்கியிருப்பதால் இன்றிலிருந்து ஆன்டிபயாடிக் மாத்திரையாம். காலரைத் திருப்பிக்கொண்டே இதை மனைவியிடம் சொன்னேன்.

"ஏங்க, வண்டியை எடுங்க!" என்று கத்தினாள். "மாத்திரை உள்ள போச்சுன்னா எல்லாம் போச்சு!"

நாங்கள் போனபோது அக்கா ஒரு கையில் மாத்திரையும் ஒரு கையில் தண்ணீருமாக நின்றிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிய என் மனைவி, "முழுங்கிடாதீங்க அண்ணி!" என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நாலு வருஷம் கழிச்சு உன் பொண்டாட்டி பேசற முதல் வார்த்தையைப் பார்த்தியாடா? நான் மருந்து சாப்பிடக் கூடாதாம்."

மனைவி மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். அக்கா கேட்டுக்கொண்டு, "அது நல்லதா, கெட்டதா?" என்றாள்.

நல்லது என்று சொல்லித் தொலையேன்! நான் சாடை காட்டினேன்.

"தெரியாது அண்ணி" என்றாள் அந்த மகராசி.

அக்கா டம்ளரைத் தூக்கினாள். மனைவி அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் உங்களைப் பார்த்தது தப்பு. சொல்லலைன்னு இத்தனை நாள் சாதிச்சது அதைவிடத் தப்பு. ஆனா அது அசிங்கமா நெனச்ச பார்வை இல்ல அண்ணி. அன்னிக்குக் காலையிலதான் உங்க தட்டுல அந்தப் பொட்டைப் பார்த்திருந்தேன். இருபத்திரண்டு வருஷத்துல அப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல. யார்கிட்டயும் சொல்ல முடியல. உங்களைப் பார்க்காம இருக்கவும் முடியல."

அக்கா டம்ளரை இறக்கினாள். பிறகு மாத்திரையை மேசையில் வைத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, இவள் நீட்டிய ஒப்புதல் படிவத்தின் நாலு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். அதற்கே அரை மணி. கையெழுத்துப் போட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

அதோடு முடியவில்லை. பொட்டு முளைத்ததா என்று தெரியப் பத்து நாள் ஆகும். முளைக்காவிட்டால் இன்னொரு முறை எடுக்க வேண்டும். அதுவரை மாத்திரையும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம் என்று அக்காவே பல் மருத்துவரிடம் தவணை வாங்கினாள். கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, தினமும் காலையில் போன் செய்து, "உன் பொண்டாட்டியைக் கேளு, முளைச்சுதா?" என்பாள். மூன்றாம் நாளிலிருந்து நான் நடுவில் தேவைப்படவில்லை. பத்தாம் நாள் முளைத்தது. பதினோராம் நாள் பல் போயிற்று. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது என் மனைவிதான்.

இரண்டு மாதத்தில் இரண்டு சேமிப்பகமும் சான்று அனுப்பின. கட்டுரையும் தயாராயிற்று. அதன் பிரதியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு என் மனைவி சமையலறைக்குப் போய்விட்டாள். நான் எடுத்துப் பார்த்தேன். மேலே ஆறு டாக்டர்கள். அவள் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றியில். அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவளோ கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு, "எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லை" என்றாள். குரலே வரவில்லை.

அன்று மாலை அக்கா வந்து, "உன் பேரு எங்கம்மா?" என்று கேட்டாள். இவளுக்குத்தான் பொய் வராதே. காட்டினாள்.

அக்கா என் போனை வாங்கி டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டாள். புதுப் பல் இன்னும் வரவில்லை. சொற்கள் கொஞ்சம் வழுக்கின, ஆனாலும் நிதானமாகச் சொன்னாள்.

"நான்தாம்மா முப்பத்தொண்ணு. உங்க படிவத்துல மூணாம் பக்கம், எப்ப வேணும்னாலும் காரணம் சொல்லாம விலகிக்கலாம்னு போட்டிருக்கு. நான் விலகிக்கிறேன். காரணம் சொல்ல மாட்டேன். ஆனா என் தம்பி பொண்டாட்டி பேரு கடைசிப் பக்கத்துல இருக்குங்கிறது மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

முப்பத்தொன்று விலகினால் அந்தப் பொட்டும் இல்லை, கட்டுரையும் இல்லை. என் மனைவி கத்தியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். டாக்டர் அம்மா ஏதோ விளக்கம் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்தாள். கடைசியில் அவர் ஏதோ சொல்ல, அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு இவள் பக்கம் திரும்பினாள்.

"மேல, மூணாவதா போடறாங்களாம். போதுமா?"

என் மனைவி வாயைத் திறந்தாள். கண்ணீர்தான் வந்தது. தலையை ஆட்டினாள்.

அக்கா போனைக் காதில் வைத்து, "போதுமாம்" என்றாள்.