நியூரோவுக்குப் பொருள் சொன்னேன்

இன்று காலை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, மரத்துப்போகும் என் சுண்டுவிரலை நியூரோ டாக்டரிடம் காட்டுவதென முடிவெடுத்தேன்.

சிம்மக்கல் ஜவுளிக்கடையில் என்னோடு வேலை பார்க்கும் பாண்டியிடம் மட்டும் சொன்னேன். ஒன்பது வருடமாக மேலூரிலிருந்து என் பைக்கின் பின்சீட்டில் வருகிறவன். யாரிடமும் சொல்லாதே என்றேன்.

"என்ன மாப்ள, என்னையவே நம்பலையா?" என்றான்.

நரம்பு அழுந்துகிறது, மேஜையில் முழங்கையை ஊன்றாதீர்கள் என்றார் நியூரோ டாக்டர்.

மதியம் கடைக்குத் திரும்பினால், என் மேஜையில் துணி வெட்டும் கத்தரிக்கோலைக் காணோம்.

"நான்தாண்ணே எடுத்து வச்சேன். நியூரோ டாக்டர்ட்ட போயிருக்கீங்க, உங்களுக்கு மூளையில ஏதோன்னு பாண்டி அண்ணே சொன்னாரு" என்றான் பில் போடும் முருகேசன்.

நிதானமாக விளக்கினேன். "நியூரோங்கிறது கிரேக்கத்துலேர்ந்து வந்தது. முதல்ல தசைநாணுக்கும் வில்லோட நாணுக்கும்தான் அந்தப் பேரு. பிறகுதான் உடம்புல ஓடுற நரம்புக்கு வந்துச்சு. நாமளும் யாழோட தந்திய நரம்புன்னுதானே சொன்னோம்?"

முருகேசன் கத்தரிக்கோலை இழுப்பறைக்குள் இன்னும் தள்ளி வைத்தான்.

"பாத்தியா, காலையிலேர்ந்தே இப்படித்தான்" என்றான் பாண்டி, மெய்யான கவலையோடு.

உங்களுக்கு விரல் மரத்துப்போனால் யாரிடம் சொல்வீர்கள், நண்பர்களே?

ஆறு மணிக்குக் கடை அடைத்தோம். பாண்டி பஸ்ஸில் மேலூர் போனான்.