ஒரு கோட்டை விதைப்பாடு

என் அப்பாவுக்குக் குடலிறக்கம். ஒரு கை எப்போதும் வேட்டியோடு சேர்த்து அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். இன்னொரு கை மீசையில் இருக்கும். இரண்டில் எது இறங்கினாலும் மனிதர் தாங்க மாட்டார். சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் குடல் முறுக்கிக்கொண்டு ஆளே போய்விடுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தொண்ணூறுகளில்தான் எங்கள் பக்கம் விமான நிலையம் வந்தது. செம்மண் காட்டுக்கு நடுவே ஒரு கட்டடம். சில நாள் ஒரு குட்டி விமானம் வரும், மிச்ச நாளெல்லாம் வேலிக்கு வெளியே ஆடுதான். அங்கே ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கக்கூஸ் கழுவும் வேலை. சம்பளம் வெளியே சொல்லும்படி இல்லை, ஆனால் மருத்துவ அட்டை உண்டு. அதில் பெற்றவர்கள் பெயரையும் சேர்த்தால் ஆபரேஷன் இலவசம். ஒரே நிபந்தனை, அவர்கள் நம் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவர்களாக இருக்க வேண்டும்.

அப்பா என் சம்பாத்தியத்தில்தான் சாப்பிட்டார். ஆனால் கல்யாணமாகாத மகள் காசில் கஞ்சி குடிப்பது எங்கள் ஏரலில் ஆண்பிள்ளைக்குச் சாவை விடக் கேவலம். ஆபீஸ் வேலை என்று நான் வீட்டில் ஒரு பொய் சொல்லியிருந்தேன். அவர் டீக்கடையில் போய் அதை டிக்கெட் கொடுக்கும் வேலையாக உயர்த்திவிட்டார். அதுவும் பொழுதுபோகாமல் போகிறேனாம்.

அட்டையில் பெயர் சேர்க்க அவரைப் பாளையங்கோட்டை ஆபீசுக்குக் கூட்டிப் போனேன்.

"பெரியவரே, மக சம்பளத்துலதான சாப்பிடுதிய?" என்று கிளார்க் நல்ல விதமாகத்தான் கேட்டார்.

அப்பா மீசையை முறுக்கினார்.

"யாரு, நானா? ஒரு கோட்டை விதைப்பாடு இருக்கு வே. ஆள் வச்சு வெள்ளாமை பாக்கேன். இவளுக்கே நாந்தான் சோறு போடுதேன்."

ஒரு கோட்டை நெல் விதைக்கிற அந்த வயல், நான் பள்ளிக்கூடம் போகையிலேயே கைமாறிவிட்டது. மிச்சம் கொல்லையில் ஒரு வாழை, அதுவும் குலை தள்ளாத முண்டம். கிளார்க் பேனாவை மூடினார்.

"அப்போ சேக்க முடியாதும்மா. நிலமும் வருமானமும் இல்லேன்னா ஊர் வி.ஏ.ஓ. கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

"குடலு வெளிய வந்து நிக்கி, இதுல விதைப்பாடு கேக்குதாக்கும்" என்று பஸ் ஏறியதிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை திட்டினேன். பஸ்ஸே கேட்டது. அவர் ஜன்னல் வழியாக அடுத்தவன் வயலைத் தன் வயல் மாதிரி மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"செத்தாலும் சரி, மக கஞ்சி குடிக்கேன்னு அந்த வி.ஏ.ஓ. முன்னால போய் நிக்க மாட்டேன்."

"அப்போ சாவுங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் தூக்குச்சட்டியைக்கூட எடுக்காமல் வேலைக்குப் போனேன். மத்தியானம் ஆண்கள் கக்கூஸில் குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கையில் வாசலில் யாரோ செருமினார்கள். நிமிர்ந்தால் அப்பா, கையில் என் தூக்குச்சட்டி. டிக்கெட் கொடுக்கிற இடத்தில் போய் என்னைக் கேட்டிருக்கிறார், அவர்கள் இந்தப் பக்கம் கையைக் காட்டியிருக்கிறார்கள். என் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார்.

"சாப்பிடுளா" என்று மட்டும் சொல்லி, சட்டியை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அவரே என்னை வி.ஏ.ஓ. ஆபீசுக்குக் கூப்பிட்டார். சாட்சிக்கு இரண்டு பேரையும் கூட்டி வந்திருந்தார். டீக்கடையில் அந்த டிக்கெட் கதையைக் கேட்ட அதே ஆட்கள்.

"எழுதும் வே. நிலம் கெடையாது. வருமானம் கெடையாது. எம்மவ கக்கூஸ் கழுவி எனக்குச் சோறு போடுதா."

"வருமானம் இல்லேன்னு போட்டாப் போதும் அண்ணாச்சி."

"சொன்னத அப்படியே எழுதும். ஒரு எழுத்து கொறையப்பிடாது."

சாட்சிகள் தரையைப் பார்த்தார்கள். அப்பா மீசையிலிருந்த கையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது அவருக்கு இரண்டு கையும் சும்மாதான் இருந்தது, ஆனால் ஒன்றுகூட மீசைப் பக்கம் போகவில்லை. மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொன்னார். எனக்குத்தான் இன்னொரு தடவை அந்த டிக்கெட் பொய்யைச் சொல்ல மாட்டாரா என்று இருந்தது.