விளிம்பில் பிடித்த காசு

பழைய வெள்ளிக் காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் படக்கூடாது. இதை என் மனைவிக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேனோ தெரியாது. "காசுக்கு நோகுமோ?" என்று சிரிப்பாள்.

அந்தக் காசு பனிச்சங்கேணியில் கிணறு வெட்டும்போது வந்தது. என் கிறுக்கு ஊருக்கே தெரியும் என்பதால் வெட்டியவர் என்னிடம் தந்தார். ஒரு பக்கம் ரோமப் பேரரசன் ஒருவனின் தலை. மறுபக்கம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண், கையில் ஒரு கிளை. எந்த அரசன் என்பதைத் தலையைச் சுற்றியுள்ள எழுத்துத்தான் சொல்லும். அதுவோ தேய்ந்த எழுத்து; ஓரங்களில் கறுப்புப் படிந்திருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். இரண்டு மாதம் பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்து நான்கு எழுத்துப் படித்திருந்தேன்.

திருவெம்பாவைக்குப் பூசைச் சாமான் துலக்கிய மனைவி, மேசையில் கிடந்த காசையும் சேர்த்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டாள். பளபளவென்றிருந்த அதை இரண்டு விரலால் இரு முகத்திலும் பிடித்து என்னிடம் நீட்டினாள்.

"கறுத்துப் போய்க் கிடந்திச்சு. இப்ப பாருங்க, என்ன வடிவு!"

"ஆருட்டக் கேட்டுத் துலக்கினாய்? எல்லாத்தையும் நாசமாக்கிப் போட்டாய்!" என்று கத்தினேன்.

மறுநாள் விடியக் கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீரையும் நான் குடிக்கவில்லை. காசைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிரானுக்கு பஸ் ஏறினேன். அங்கே வயல்வட்டையோரம் என்னோடு படிப்பித்த நண்பரின் வீடு. அவருக்கும் இதே பைத்தியம். எழுத்து ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று அவரிடம் கேட்க நினைத்தேன்.

காசை வெளியே எடுக்கும் முன்பே கடல் பொங்கி ஊருக்குள் புகுந்த செய்தி வந்தது.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த எங்கள் வீட்டில் அத்திவாரம்தான் மிஞ்சியது. அவளைத் தேடாத இடமில்லை. கிடைக்கவில்லை. கலியாண ஆல்பமும் அலுமாரியோடு போய்விட்டதால் ஒரு படம்கூட இல்லை. கோபித்துக்கொண்டு போன நான் தப்பிவிட்டேன். அந்தத் தேத்தண்ணீரை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு ஆத்திரம் வரும்.

கடதாசியை நான் பிரிக்கவே இல்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோதும், பிறகு வாடகைக்கு எடுத்த ஒற்றை அறைக்கும் அது பெட்டியின் அடியில் கூடவே வந்தது. யுத்தம் முடிந்த வருடம், நண்பர் விடாமல் கேட்டதால், கிரானுக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் பிரித்தேன்.

வெள்ளி மறுபடி கறுத்திருந்தது. எழுத்தும் திரும்பி வந்திருந்தது. நண்பர் இன்னும் மூன்று எழுத்துப் படித்து அரசனின் பெயரைச் சொன்னார். நான் மறுபக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துலக்கிய வெள்ளியில் விரல் பட்டால், அந்த அடையாளம் நாளாக ஆகக் கறுத்து வெளியே வரும். அமர்ந்திருக்கும் பெண்ணின் மேல் ஒரு பெருவிரல் ரேகை. குறுக்கே ஒரு கோடு. மீன் வெட்டும்போது கத்தி பட்டு அவள் பெருவிரலில் விழுந்த தழும்பு அது.

"அப்பச்சோடாவில போட்டா ரேகை போயிரும். உருவம் வடிவாத் தெரியும்" என்றார் நண்பர்.

"வேணாம். விடுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

பின்னேரங்களில் அதை எடுத்துப் பார்ப்பேன். அந்த இடத்தைத் தொட வேண்டும்போல இருக்கும். ஆனால் விளிம்பில்தான் பிடிக்கிறேன். என் விரல் பட்டு அவள் விரல் அழிந்துவிடுமோ என்று பயம்.