கிணற்றக்கா நிரப்பாத பதினோரு திங்கட்கிழமைகள்

எங்கள் தெருவில் அவரைக் கிணற்றக்கா என்றுதான் கூப்பிடுவோம். நிலத்தடி நீர் அலுவலகத்தில் உதவியாளர் வேலை. சுரங்கத்தைச் சுற்றியிருந்த பதினான்கு கிணறுகளுக்கும் திங்கட்கிழமைதோறும் ஸ்கூட்டரில் போவார். நுனியில் குண்டு கட்டிய அளவு நாடாவை இறக்கி நீர்மட்டம் பார்ப்பார். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, சீட்டு ஒட்டி, பரிசோதனைக்கு அனுப்புவார். ஒன்பது வருடமாக இதே வேலை.

"ஊர்ல எல்லாரும் பக்கத்து வீட்ட எட்டிப் பாப்பாங்க. இவ கிணத்த எட்டிப் பாக்குறா" என்பார், பஸ் ஓட்டுநரான அவர் கணவர்.

அந்தச் சுரங்கம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடையது. கிணறுகளில் மட்டம் இறங்கிக்கொண்டே போக, தண்ணீரில் நஞ்சும் ஏறிக்கொண்டே போக, அரசாங்கம் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. கம்பெனி உள்ளூர் கோர்ட்டுப் பக்கமே போகவில்லை. அந்நிய முதலீட்டைக் காப்போம் என்று இரண்டு நாடுகளும் எப்போதோ போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி, மூன்றாவது நாடொன்றில் நடுவர் மன்றத்துக்கு அரசாங்கத்தை இழுத்தது. அங்கே கம்பெனி ஒரு நடுவரை நியமிக்கும், அரசாங்கம் ஒருவரை நியமிக்கும், இருவருக்கும் பொதுவாக ஒரு தலைவர் இருப்பார். மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு விசாரிப்பார்கள். கேட்ட நஷ்டஈட்டைக் கொடுத்தால் நாட்டிலுள்ள ஆஸ்பத்திரிகளை இரண்டு வருடம் இழுத்து மூட வேண்டியதுதான்.

தண்ணீர் கெட்டது என்பதே கட்டுக்கதை என்றது கம்பெனி. அதற்குப் பதில் சொல்ல அரசாங்கத்திடம் இருந்தது கிணற்றக்காவின் பதிவேடு ஒன்றுதான்.

மண்டல அதிகாரி அவரை அறைக்குக் கூப்பிட்டார். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "பதினோரு வாரம் காலியா கெடக்கேம்மா. முன்வாரத்தையும் பின்வாரத்தையும் கூட்டிப் பாதியாக்கிப் போட்டுடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியுமே சார்."

"இந்த ஓட்டைய வச்சே கேஸ முடிச்சுடுவாங்க. அப்புறம் பழி உன் தலையிலதான்."

"நான் எட்டிப் பாக்காத கிணத்துக்கு எப்படி சார் அளவு எழுதுறது?"

சொல்லிவிட்டு வந்தாரே தவிர, அன்று சோறு இறங்கவில்லை. "வேல போயிடுமோ?" என்று கணவரிடம் கேட்டார்.

"போனா என்ன, என் பஸ்ல வந்து டிக்கெட் கிழி. நான் முன்னால, நீ பின்னால" என்றார் அவர்.

சாட்சி சொல்லக் கிணற்றக்காவையே விமானம் ஏற்றினார்கள். அவர் எதிர்பார்த்த கூண்டு அங்கே இல்லை. நீள மேஜை, கால் புதையும் கம்பளம், திறக்கவே முடியாத ஜன்னல்கள். காதில் மாட்டிய கருவியில் மொழிபெயர்ப்பாளர் பேசினார். குடிக்க வைத்த தண்ணீரைப் பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாராம். பொதுத் தலைவர் அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தாராம்.

கம்பெனி வக்கீல் குரலை உயர்த்தாத மனிதர். "நீங்கள் விஞ்ஞானியா?" என்று ஆரம்பித்தார்.

"இல்லைங்க. அளக்குறவ."

"பதினோரு வாரம் அளக்கவே இல்லை. சரிதானே?"

"சரிங்க. மூணு வாரம் எனக்கு டைபாய்டு. ரெண்டு வாரம் பாலம் உடைஞ்சு வழியில்ல. மாமியார் தவறினப்ப ஒரு வாரம்."

"மீதி ஐந்து?"

"கிணத்துக்குப் போற ரோட்டுல உங்க கம்பெனி கேட் இருக்குங்க. அஞ்சு வாரம் அதத் திறக்கல. ஓரத்துல எழுதியிருக்கேனே."

வக்கீல் தன் காகிதங்களைப் புரட்டினார். மொழிபெயர்த்துக் கொடுத்த பிரதியில் எண்கள் மட்டுமே இருந்தன. ஓரத்துப் பென்சில் எழுத்தை அரசாங்கத் தரப்புகூடக் கண்டுகொள்ளவில்லை. தலைவர் மூலப் பதிவேட்டை வாங்கி, மொழிபெயர்ப்பாளரிடம் வாசிக்கச் சொன்னார்.

"கேட் பூட்டு. உள்ளே விடக் கூடாதென்று உத்தரவு என்றார் காவலாளி. நாற்பது நிமிடம் நின்றேன். திரும்பினேன்."

ஐந்து வாரத்துக்கும் அப்படியே, தேதியோடு இருந்தது.

"நிரப்பியிருந்தால் இவ்வளவு கேள்வி வந்திருக்காதே?" என்று தலைவர் கேட்டார்.

"நான் பாக்கலைங்களே" என்றார் கிணற்றக்கா.

தீர்ப்பு வரப் பதினான்கு மாதமாயிற்று. கம்பெனியின் கோரிக்கை தள்ளுபடியானது. ஆனாலும் வழக்குச் செலவில் பாதி அரசாங்கத்தின் தலையில் விழுந்தது. கிணறுகளும் தெளிந்துவிடவில்லை. ஏழாம் எண் கிணற்றில் இன்னும் யாரும் குடிப்பதில்லை.

தீர்ப்பில் கிணற்றக்காவுக்கென்றே ஒரு பத்தி இருந்தது; அதன் கீழே அவர் எடுத்த அளவுகளை அட்டவணையாகப் போட்டிருந்தார்கள். மண்டல அதிகாரி அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, தானும் எழுந்து நின்றுகொண்டு அந்தப் பத்தியை வாசித்தார்: 'காலியாக விடப்பட்ட கட்டங்களே மற்ற எண்களை நம்புவதற்குக் காரணம்.' வாசித்து முடித்தவர் கிணற்றக்காவின் பக்கம் திரும்பி, "நான் சொன்னதக் கேக்காம இருந்தியே, நல்லதாப் போச்சும்மா" என்றார், எல்லோர் முன்னாலும்.

கணவர் அந்தப் பக்கத்தை நகலெடுத்து பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டினார். ஏறுகிறவர்களிடமெல்லாம், "படிச்சிட்டு உக்காருங்க. என் வீட்டுக்காரி" என்றார். நாங்களும் தெருவோடு போய்ப் படித்தோம்.

கிணற்றக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"என் பேரத் தப்பா அடிச்சிருக்காங்க" என்றார். பிறகு விரலால் வரி வரியாகத் தொட்டுப் பார்த்து, "அளவெல்லாம் சரியா இருக்கு" என்றார்.