கோபத்தை வடிகட்டிய டொக்டர்

இரத்தப் புற்றுநோயில் கிடந்த என் சின்ன மகளுக்கு மூத்தவளின் எலும்பு மச்சையை ஏற்றிக் காப்பாற்றிய கொழும்பு டொக்டர், ஒரு பெருநாளன்று மாம்புரியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான, நெட்டையான மனிதர். முற்றத்தில் பிள்ளைகள் வளர்த்த ஆட்டுக்குட்டியைத் தடவும் முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். தடவிய பிறகும் கழுவினார்.

அவர் முன்னாலேயே பிள்ளைகள் இருவரும் சண்டை பிடித்தார்கள். நான் அதட்டினேன்.

"இது ராத்தாட கோவம், டொக்டர். அவட மச்சையோட வந்தது," என்றாள் சின்னவள்.

"கோவத்த வடிகட்டிட்டுத்தான் ஏத்தினேன், மகள். இது உங்கட சொந்தக் கோவம்," என்றார் அவர், சிரிக்காமல்.

பிறகு என்னிடம், "அதட்டாதீங்க. வார்ட்டில இவவுக்குச் சண்டை பிடிக்கவும் ஏலாமத்தானே இருந்திச்சு," என்றார்.

நன்றி சொல்ல வேண்டியவன் நான். ஆனால் போகும்போது அவர்தான் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். எதற்கென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.