தண்ணீர்த் தொட்டியடியில் நின்ற கரியப்பன்

கரியப்பனைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று ருக்மணி நினைப்பாள். நினைக்கட்டும். அவன் பெண்டாட்டி அவள், அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் இருபத்திரண்டு வருஷம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கால்பந்து பார்த்தவன் இந்த ஐசக்தான். நான் சொல்லாவிட்டால் வேறு எவன் சொல்லப்போகிறான்?

மத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவனுக்கு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூருக்கு வந்து சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்தான். தகட்டை வைத்து, பெடலை மிதித்து, வெட்டி எடுக்கிற வேலை. நாலாம் வருஷம் அந்த மிஷின் அவனுடைய இடது கையில் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். "கோல்கீப்பருக்குத்தான்டா பத்து வேணும். எனக்கு எட்டு போதும்" என்றான். அழுதுகொண்டேதான் சொன்னான்.

அந்த எட்டு விரலை வைத்துக்கொண்டுதான் எங்கள் கிளப்புக்கு வலை கட்டினான். சிப்காட் ஸ்டார்ஸ் என்று பேர். பேரைக் கேட்டுப் பெரிதாக நினைக்க வேண்டாம். கம்பெனிப் பையன்களைச் சேர்த்து ஆடுகிற டீம். கிருஷ்ணகிரி, குருபரப்பள்ளி, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி வரை போய் ஆடும், பாதிக்குப் பாதி தோற்கும். ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் கரியப்பன் வலை மூட்டையோடு வந்துவிடுவான். கம்பத்தில் ஒவ்வொரு கண்ணியாக இழுத்து ஒரு முடிச்சுப் போடுவான் பாருங்கள், யானை வந்து இழுத்தாலும் அவிழாது. கட்டி முடித்ததும் மைதான ஓரத்தில் கிடந்த பழைய சிமென்ட் பைப்பில் என் பக்கத்தில் வந்து உட்காருவான். அதன் பிறகு தொண்ணூறு நிமிஷமும் மூன்று பாஷையில் கத்துவான். திட்டுவதற்குத் தமிழ், கெஞ்சுவதற்குத் தெலுங்கு, "பாஸ் மாடோ" என்று உத்தரவு போடக் கன்னடம்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் இருக்கிறது. நடுவர் வைத்துக்கொள்ள வழியில்லாத காலத்தில் வந்தது. கையில் பட்டதா, கோட்டைத் தாண்டியதா என்று தகராறு வந்தால், சம்பந்தப்பட்டவன் பந்தின் மேல் கை வைத்துச் சொல்ல வேண்டும். சொன்னால் அதோடு முடிந்தது. போகப் போக மற்ற வாக்குகளுக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது. பந்தின் மேல் கொடுத்த வாக்கை வாங்கியவன் மட்டும்தான் தளர்த்த முடியும். அவனும் பந்தின் மேல் கை வைத்து, கொடுத்தவன் முகத்தைப் பார்த்து "விட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எங்களுக்கு இல்லை.

இரண்டாயிரத்து இருபத்து நாலு, பார்லிமென்ட் எலெக்‌ஷன். ஓட்டுப் போடுவதற்கு ஐந்து நாள் முன்னால் வந்த ஞாயிற்றுக்கிழமை. அத்திப்பள்ளிக்காரர்களை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்துவிட்டுப் பைப்பின் மேல் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கிளப் செக்ரட்டரி வெங்கடப்பன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

"ரெண்டு கட்சிக்காரனும் வந்துட்டுப் போனானுங்க. கிரவுண்டுக்கு கேலரி கட்டித் தர்றாங்களாம்."

"நாலு எலெக்‌ஷனா அந்த கேலரி வந்துகினேதான் இருக்குது" என்றேன். "நாம இன்னும் பைப்பு மேலதான் உக்காந்திருக்கோம்."

"இந்த வாட்டி வரும்" என்றான் கரியப்பன். "டெல்லில எங்காளுங்க வரட்டும், எல்லாம் வரும். நான் சொல்லியிருக்கற சீட்டு எண்ணிக்கையில ஒண்ணு கொறையாது, நீ வேணா பாரு."

அவன் கட்சியின் பேரையும் சொல்லமாட்டேன், என் கட்சியின் பேரையும் சொல்லமாட்டேன். சொன்னால் இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவீர்கள்.

"உங்க கட்சியும் நம்ம ஃபார்வர்டு லைனும் ஒண்ணுடா" என்றேன் நான். "ஓடறதெல்லாம் நல்லா ஓடுவானுங்க. கோலு மட்டும் உழாது."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு நாளாக இருந்தால் அவனும் சிரித்திருப்பான். அன்றைக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. "உனக்கு என்னாடா தெரியும் அரசியலு?" என்றான். "உங்க சர்ச்சுல சொல்ற பட்டனை அமுக்கிட்டு வர்ற ஆளு நீ."

அத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு என் வீட்டில் சாப்பிடுகிறவன், மாரியம்மன் பண்டிகைக்கு என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவன். எனக்குத் தலைக்குமேல் ஏறிவிட்டது. என் கோபம் எனக்கே தெரியும், வந்தால் கண்ணை மறைத்துவிடும். காலடியில் கிடந்த பந்தை எடுத்து அவன் மடியில் போட்டேன்.

"நீ சொல்ற எண்ணிக்கை வரலைன்னா என்னா பண்ணுவ? பந்து மேல கை வெச்சு சொல்லு."

"ஐசக்கு, வேணாய்யா" என்றான் வெங்கடப்பன்.

கரியப்பன் இடது கையைப் பந்தின் மேல் வைத்தான். "வரலைன்னா இந்த கிரவுண்டுல நான் காலு வெக்கமாட்டேன்" என்றான். கூம்பிப்போன அந்த இரண்டு விரல் அடியும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்போதாவது நான் பந்தைப் பிடுங்கியிருக்கலாம்.

ஜூன் நாலாம் தேதி எண்ணினார்கள். அவன் சொன்ன எண்ணிக்கை வரவில்லை. அன்று மாலை எங்கள் வாட்ஸப் குரூப்பில் நான் ஒரு செய்தி போட்டேன். "ஞாயிற்றுக்கிழமை வலை கட்ட ஆள் தேவை." பதினோரு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். கரியப்பன் பார்த்துவிட்டான் என்று நீலக் குறி காட்டியது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த ஞாயிறு அவன் வந்தான். ஆனால் மைதானத்துக்குள் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் அடியில் டி.வி.எஸ். எக்ஸெல் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்றான். ஆட்டம் முடியும்வரை நின்றான். ஒரு வார்த்தை கத்தவில்லை. முடிந்ததும் வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த ஞாயிறும் அப்படித்தான், அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். வெயிலானாலும் நின்றான், மழையானால் தூணை ஒட்டி நின்றான். பைப்பிலிருந்து அந்தத் தொட்டிக்கு எண்பது எட்டுக்கூட இருக்காது.

"பந்தை எடுத்துக்கினு போய் விட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாய்யா" என்று வெங்கடப்பன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான்.

"தப்பாப் பேசினவன் அவன். வந்து கேக்கட்டும்" என்றேன்.

"எப்பிடி வருவான்? கால் வெக்கமாட்டேன்னு சொல்லியிருக்கான்."

"போன் இருக்குதில்ல?" என்றேன். எனக்குப் பதில் மட்டும் எப்போதும் தயாராக இருக்கும்.

மறு வருஷம் ஒரு கோப்பைப் போட்டியின் அரையிறுதி எங்கள் மைதானத்தில் நடந்தது. கடைசி நிமிஷத்தில் எங்கள் பையன் அடித்த பந்து கம்பத்துக்கு உள்ளேதான் போனது. வலையின் அடி முடிச்சு அவிழ்ந்து கிடந்ததால் அப்படியே வெளியே ஓடிவிட்டது. நடுவர் கம்பத்துக்கு வெளியே போனது என்று கை காட்டினார். தோற்றோம். மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பித் தொட்டியைப் பார்த்தார்கள். கரியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்து ருக்மணி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, அவுரு ஞாயித்துக்கெழமை வந்தா சோறு திங்கறதில்ல. கால் வீங்கிக்கெடக்குது, ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேங்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா."

"அவன் அனுப்பினானா?"

"இல்லண்ணா. நானேதான் வந்தேன்."

"அப்ப அவனே வரட்டும்மா" என்றேன். ருக்மணி என்னைப் பார்த்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

கால் வீங்கியது சிறுநீரகத்தால். கண்டுபிடித்தபோது இரண்டுமே போயிருந்தது. தொட்டியடியில் அவனைக் காணாமல் மூன்று ஞாயிறு போனது. நாலாவது ஞாயிறு எனக்கு ஆட்டம் பார்க்க முடியவில்லை. பாதியில் எழுந்து, வெங்கடப்பனிடம் ஒரு பந்தை வாங்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

கரியப்பன் விழித்துத்தான் இருந்தான். முகம் ஊதி, ஆள் அடையாளமே தெரியவில்லை. ருக்மணி ஸ்டூலை விட்டு எழுந்து எனக்கு இடம் விட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எத்தனைக்கு எத்தனைடா?" என்றான்.

"ஒண்ணுக்கு ஒண்ணு. பாதியில வந்துட்டேன்."

"வலை யாரு கட்டினது?"

"வெங்கடப்பன்."

"அவனுக்குக் கட்டத் தெரியாது" என்றான். பிறகு என் மடியைப் பார்த்தான். துணிப்பைக்குள் பந்து இருந்தால் எந்த மடையனுக்கும் தெரியும். "பையில என்னாடா?"

எட்டுக் கட்டில் போட்ட வார்டு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் நடுவில் பந்தை எடுத்து, கை வைத்து, அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒன்றரை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

"துணிதான்" என்றேன். "நீ டிஸ்சார்ஜ் ஆகி வா. பேசிக்கலாம்."

"சரி" என்றான். சிரித்த மாதிரி இருந்தது. ருக்மணி பையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

செவ்வாய்க்கிழமை கரியப்பன் போய்விட்டான்.

வீட்டில் வைத்திருந்துவிட்டு, சாயங்காலம் மத்தூர்ப் பக்கம் அவன் ஊருக்கு எடுத்துப்போக ஏற்பாடு. வண்டி எங்கள் மைதான ரோட்டில்தான் வர வேண்டும். டீம் பையன்கள் எல்லோரும் ஷிஃப்டைவிட்டு வந்து ஜெர்சி போட்டு நின்றார்கள். நடுவட்டத்தில் கொண்டுபோய் ஐந்து நிமிஷம் வைப்பது என்று நாங்களே பேசி முடிவு செய்திருந்தோம். வண்டி வந்ததும் நான் கை காட்டி நிறுத்தினேன். பந்து என் கையில் இருந்தது. டிரைவர் பக்கத்தில் ருக்மணி இருந்தாள்.

"உள்ள கொண்டுபோலாம்மா" என்றேன். "நான் விட்டேன்னு சொல்லிடறேன். அவன் உள்ள வரட்டும்."

ருக்மணி பந்தைப் பார்த்தாள். அவள் அழவில்லை.

"அன்னைக்கும் பையில இருந்துச்சே அண்ணா" என்றாள். "நீங்க போனப்பறம் அவுரு என்னா சொன்னாரு தெரியுமா? பந்து கொண்டாந்திருக்கான், சொல்லாமப் போறான் பாருன்னாரு. கதவையே பாத்துகினு இருந்தாரு. திரும்பி வருவீங்கன்னு."

நான் பந்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"கிரவுண்டுக்குள்ள வேணாம். அவுரு சொன்ன சொல்ல அவுரு காப்பாத்திட்டாரு. நின்ன எடத்துல கொஞ்ச நேரம் நிறுத்துங்க, போதும்."

வண்டி தண்ணீர்த் தொட்டியடியில் நின்றது. பையன்கள் ஒவ்வொருவனாக ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வெங்கடப்பன் போனான். நான் பந்தோடு இந்தப் பக்கமே நின்றேன். வண்டி போகலாமா என்று வெங்கடப்பன் ருக்மணியிடம் கேட்டபோது, அவள் பின்கதவைச் சாத்தச் சொல்லிவிட்டாள்.