ஆம்புலன்ஸில் ஏற மறுத்தவள்

பத்திரிகைகளை மக்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்று கேட்டு எழுதுவதுதான் எங்கள் பல்கலைக்கழக ஆய்வு. மொரப்பூரில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் தர்மபுரி மாவட்டத்தை என்னிடம் விட்டிருந்தார்கள். 'முழுமையாக நம்புகிறேன்' தொடங்கி 'அறவே நம்பவில்லை' வரை ஐந்து கட்டங்கள் போட்ட படிவத்தோடு சித்தேரி மலையில் ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன்.

சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் எதிரில் உட்கார்ந்தேன். இருபத்தைந்து வயதிருக்கும். முதல் கேள்வியைப் படித்ததுமே முறத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து வந்து நீட்டினாள்.

'ஆம்புலன்ஸில் ஏற மறுத்த மலைக்கிராமப் பெண்: பச்சிளங்குழந்தை பலி.'

"அது நான்தானுங்க்கா" என்றாள்.

அவளுக்கு வலி எடுத்த அன்று ஆம்புலன்ஸ் மேலே வரவே இல்லை. மழையில் பாதை அரித்துப் போயிருந்தது. கணவனும் மூன்று பேரும் போர்வையில் தூளி கட்டி அவளைச் சுமந்து இறங்கினார்கள். பாதி வழியில் பிறந்த குழந்தை அழவே இல்லை.

"வூட்டுக்கு வந்து ஒருத்தரும் கேக்கலீங்க. பேப்பர்ல மட்டும் போட்டுட்டாங்க. சந்தைக்குப் போனா, பெத்த புள்ளைய சாவ வுட்டவ இவதான்னு பாக்கறாங்க." பிறகு படிவத்தைக் காட்டி, "இதுக்கு எந்தக் கட்டமுங்க?" என்றாள்.

நான் பேனாவை மூடினேன்.

மறுநாளே அந்தச் செய்தியை எழுதிய நிருபரைத் தேடிப்பிடித்தேன். டீக்கடையில் இருந்தார். "சுகாதாரத்துறை அதிகாரி வாட்ஸ்அப்ல அனுப்பினாருங்க, போட்டேன்" என்றார்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களா?"

"மலைமேல அவங்ககிட்ட போன் ஏதுங்க மேடம்?"

போன் இருந்தது. அந்தப் போனில்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தார்கள். அதைச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அந்த டம்ளரைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

ஆய்வுத் தலைவரிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். "கடைசிக் கட்டத்துல டிக் போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போம்மா. கதை எழுத அதுல இடமில்ல" என்றார். பத்திரிகைகள் ஜனநாயகத்தின் தூண் என்று மேடைதோறும் முழங்குகிற மனிதர். நான் போனைத் துண்டித்தேன்.

அந்தப் பெண் பத்தாவது வரை படித்தவள். நடந்ததைத் தன் கைப்படவே எழுதினாள். இருவரும் தர்மபுரிக்குப் பேருந்து ஏறி பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்தோம். வாங்கியவர் படித்துப் பார்க்காமலே மேஜையில் போட்டார். "படிச்சிட்டு வைங்க" என்றேன். அவர் படித்து முடிக்கும்வரை நாங்கள் நகரவில்லை.

பத்து நாள் கழித்து உள்பக்கத்தில், கல்யாண மண்டப விளம்பரத்துக்குக் கீழே மூன்று வரி வந்தது. ஆம்புலன்ஸ் வரவில்லை என்று குடும்பத்தினர் 'கூறுகின்றனராம்'. வருந்துகிறோம் என்று ஒரு சொல் இல்லை. பேருந்து நிலையத்தில் நின்றபடியே அவளுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"இனிமே பேப்பர்காரங்க சங்காத்தமே வேணாம், விடு" என்றேன்.

"வேணுமுங்க்கா. அவங்க எழுதலன்னா எங்களுக்காக யாரு கேப்பாங்க? அந்தச் சேதி எழுதின ஆள நடந்து மேல வரச் சொல்லுங்க. பாதை இன்னும் அப்படியேதான் கெடக்குது. என் தங்கச்சிக்கு இது ஏழாம் மாசம்."